சூளை முன்பணம்: கேட்டவர்களுக்குப் பதில்

தை பிறந்ததும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் பல செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். அவர்களோடு பல வருடம் பழகியவன் என்பதால் கேள்விகள் வந்திருக்கின்றன.

குடும்பமே உழைத்தும் கடன் ஏன் தீருவதில்லை?

கடன் சூளையில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய மழைக்காலத்தில் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கூலி வேலை கிடைக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு காய்ச்சலோ சாவோ வரும். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வாசலில் நிற்பார். வாங்கிவிட்டால் கூலி பேச வாய் இருக்காது. ஆயிரம் கல்லுக்குச் சூளைக்காரர்கள் சொல்வதுதான் கணக்கு. வாரச் செலவுக்குக் கொடுப்பதும் கடனில் ஏறும். கோடை மழையில் இன்னும் சுடாத பச்சைக் கல் கரைந்தால் அந்த உழைப்புக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. சீசன் முடிகிறபோது பாக்கி நிற்கும். அதை அடைக்க அடுத்த தை. விடியுமுன் எழுந்து மண் மிதிப்பவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஆசிரியை. பிள்ளைகளையாவது ஊரில் விட்டுப் போகக் கூடாதா?

பாட்டி இருந்தால் விடுவார்கள். முன்பணம் ஜோடிக்குத்தான், அதனால் அப்பா அம்மா இரண்டு பேருமே போயாக வேண்டும். ஏப்ரலில் உங்கள் பள்ளியில் தேர்வு நடக்கும்போது அந்தப் பிள்ளை வெயிலில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். இப்படி நாலைந்து வருடம் போனால் 9ஆம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறி நின்றுவிடும். அப்புறம் சின்ன வயதிலேயே கல்யாணம். ஏனென்றால் ஜோடி சேர்ந்தால்தான் முன்பணம்! அப்பாவின் கடன் மகள் வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

பாக்கி இருக்கிறது, வெளியே விட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

அது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுங்கள். விடுதலைச் சான்று வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம். வெறும் கையோடு வீடு திரும்பிய குடும்பங்கள் அடுத்த மழைக்கே அதே மேஸ்திரியிடம் போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உதவ நினைக்கிறேன். எப்போது, எப்படி?

புரட்டாசியில். சுய உதவிக் குழுவில் அப்போதே கொஞ்சம் கடன் புரண்டால், கார்த்திகையில் வாசலுக்கு வரும் மேஸ்திரியிடம் "வேண்டாம்ணே" என்று சொல்ல முடியும்.