கடிக்கவும் இடிக்கவும் பழகிவிட்ட இளங்குதிரையிடம் மதிப்பைப் பெறுவது எப்படி?

உங்கள் இரண்டரை வயது கத்தியவார் இன ஆண் குதிரை, கயிற்றைப் பிடித்தவுடன் தோளால் இடித்துக்கொண்டு முன்னே பாய்வதாகவும், கைக்கு எட்டியதைக் கடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே வயதில், இதே குணத்தோடு, அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் குதிரை ஒன்றை நான் பழக்கியிருக்கிறேன். அடித்தால்தான் அடங்கும் என்று சொன்னவர்களை நம்பி, அது கடிக்க வந்தபோதெல்லாம் மூக்கில் தட்டினேன். கடி நிற்கவில்லை; கடித்த மறுகணமே தலையை இழுத்துக்கொள்ள மட்டும் அது கற்றுக்கொண்டது. பிறகு கையை உயர்த்தினாலே மிரண்டதால், கடிவாளம் மாட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. தயவுசெய்து முகத்தில் அடிக்காதீர்கள்.

முதலில் அதன் வாயையும் வயிற்றையும் கவனியுங்கள். இரண்டரை வயதில்தான் முன்வரிசைப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கும். அந்த வலியாலும் குதிரை தலையை உதறும், கடிக்கும். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரப்பதால், நெடுநேரம் வெறும் வயிற்றோடு கட்டிப்போட்டால் புண் உண்டாகிச் சிடுசிடுப்பு கூடும். நான் கொள்ளுத் தீவனத்தைக் குறைத்து, உலர்புல் எந்நேரமும் கிடைக்கும்படி செய்து, நாள்தோறும் சில மணி நேரம் வேலிக்குள் அவிழ்த்துவிட்டேன். சில வாரங்களிலேயே முரட்டுத்தனத்தில் பாதி தணிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. மந்தையில் மூத்த குதிரை ஒன்று இளங்குதிரையை விலக்கும் விதத்தைப் பாருங்கள்: முதலில் காதுகளைப் பின்னுக்கு மடக்கும், விலகாவிட்டால் பல்லைக் காட்டும், அதற்கும் அசையாவிட்டால்தான் உதைக்கும். இளங்குதிரை ஓரடி விலகியதும் எல்லாவற்றையும் அக்கணமே நிறுத்திவிட்டு மேயத் தொடங்கிவிடும். தாயிடமிருந்தும் மந்தையிலிருந்தும் சீக்கிரமே பிரித்து, மனிதர்கள் செல்லம் கொடுத்து வளர்த்த குட்டிகளுக்கு இந்தப் பாடமே கிடைப்பதில்லை. அதனால்தான், நம்மை அடக்கியாள நினைக்கிறது என்று சொல்லப்படும் குதிரைகளில் பல, உண்மையில் எல்லை தெரியாத குதிரைகள் என்றே நான் கருதுகிறேன்.

அந்த எல்லையை, பின்னால் நகரச் செய்வதிலிருந்து தொடங்குங்கள். பன்னிரண்டு அடி நீளக் கயிற்றோடு, நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, கயிற்றை மெல்ல ஆட்டுங்கள். நகராவிட்டால் படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு குளம்பு பின்னால் போன அந்த நொடியிலேயே ஆட்டத்தை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். குதிரைக்குப் பாடம் புகட்டுவது அழுத்தம் அன்று, அழுத்தம் நீங்குகிற கணமே. இரண்டு மூன்று நொடிகள் தாமதித்தால், அதற்குள் தலையைத் தூக்கியதற்கோ முன்னே வந்ததற்கோ அந்த விடுதலை கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளும். இதே முறையில் பின்புறத்தைப் பக்கவாட்டில் நகர்த்தவும் பழக்குங்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

கையால் கேரட்டோ வெல்லமோ ஊட்டுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். நான் கண்டித்த அதே இடிப்பை, மாலையில் என் தம்பி மகன் சிரித்துக்கொண்டே கொஞ்சியதால், இரண்டு மாத உழைப்பு வீணாயிற்று. இப்போது தீவனத்தைத் தொட்டியில் மட்டுமே வைக்கிறோம். அதுவும் குதிரை இரண்டடி பின்வாங்கி நின்ற பிறகுதான்.

இனப்பெருக்கத்துக்குத் தேவையில்லையென்றால், காயடிப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஏற்கெனவே படிந்த பழக்கத்தை அது மட்டுமே மாற்றிவிடாது. குதிரை பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களால் தாக்க வருமானால், தனியாக முயலாமல் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரை அழையுங்கள். அவர் வேலை செய்யும்போது வேலிக்கு வெளியே நின்று, எந்தக் கணத்தில் கயிற்றைத் தளர்த்துகிறார் என்பதை மட்டும் உற்றுப் பாருங்கள்.