மவுஸைக் குடுத்துடாதீங்க

வணக்கம் சார்,

நான் ஒரு கல்லூரி நூலகத்துல 22 வருஷமா நூலகரா இருக்கேன். ஆறு மாசமா மேலிடத்துலேர்ந்து புதுசு புதுசா கத்துக்கச் சொல்றாங்க. நூலகத்துக்கு ஒரு பிளாக், தளங்கள்ல புதுசா வர்றதைத் தானா கொண்டுவந்து குடுக்கற ஆர்எஸ்எஸ் ஃபீடு, மேற்கோள் விவரம் சேத்து வைக்கற ஜோட்டேரோ, ஆன்லைன் ஃபார்ம், இப்போ ஏஐ. இதுல எதை முதல்ல ஆரம்பிக்கறது? ரெண்டு வருஷத்துல மூடிட்டுப் போற சாமானுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெடணும்? வகைப்படுத்தல் முறையா படிச்சுட்டு வந்தவங்க நாங்க, ஆளாளுக்கு இஷ்டத்துக்கு டேக் போடறதை எப்படி ஏத்துக்கறது? என்கூட வேலை பாக்கற பையன் ரொம்ப நல்லவன், கேட்டா உடனே மவுஸை வாங்கி டக்குன்னு முடிச்சுக் குடுத்துடுவான். ஆனா ஒரே விஷயத்தை மூணாவது தடவை கேக்க வெட்கமா இருக்கு. எனக்கு 51 வயசு.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. கடைசியில மூணாவது தடவை கேக்க வெட்கமா இருக்குன்னு எழுதினது கேள்வியே இல்ல, போற போக்குல வந்து விழுந்தது, ஆனா அந்த ஒரு வரிக்காகத்தான் உக்காந்து பதில் எழுதறேன்.

ஏன்னா போன வாரம் இந்தத் தளத்தை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்தினேன், மாத்தின அன்னிக்கே ஃபீடு படுத்துடுச்சு, ஒரு வாசகர் எழுதிக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். இதெல்லாம் பாத்துக்கற பொண்ணுகிட்ட கேட்டேன், சொன்னா. மறுநாள் மறந்துட்டு மறுபடி கேட்டேன், அப்பவும் பொறுமையா சொன்னா. மூணாவது நாள் போனைக் கையில எடுத்தவன் அப்படியே கீழ வச்சுட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளு, ஒரு மூணு வரி செட்டிங்ஸுக்கு ஒரு சின்னப் பொண்ணை மூணு தடவை கூப்பிடறதான்னு ஒரு இது. அது வெட்கம் கூட இல்ல, திமிரு. உங்களோடதும் அதேதான்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. 22 வருஷமா கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாரும் உங்களைக் கேட்டுட்டு இருந்தாங்க, ஒரே கேள்வியை பத்து தடவை கேட்ட பசங்களுக்கும் முகம் சுளிக்காம சொல்லியிருப்பீங்க. இப்போ கேக்கற பக்கம் வந்து நிக்கணும்னா கால் வரமாட்டேங்குது.

அந்தப் பையன் விஷயத்துக்கு வரேன். நல்லவன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவன் உங்களுக்கு உதவி பண்ணலைங்க. அவன் வேலையை முடிக்கறான். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அது ஒரு மேஜிக் மாதிரி நடந்து முடிஞ்சுடுது, கண்ணு திரையில இருந்தாலும் கை மடியில இருக்கு, அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும்? மூணாவது தடவை கேக்கறேன்னு நினைக்கறீங்க. நீங்க இன்னும் முதல் தடவையே பண்ணல, அவன்தான் ரெண்டு தடவை பண்ணியிருக்கான்.

இதை எனக்குச் சொல்லிக்குடுத்தது நான் படிச்ச கல்லூரியோட லைப்ரரியன் சார். அவரைப் பத்தி எங்கயாவது எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு, உங்க லெட்டர் சரியா அந்த நேரத்துல வந்துச்சு. அப்போ அவருக்கு 54 வயசு, ரிட்டயர் ஆக நாலு வருஷம். யுனெஸ்கோ இலவசமா குடுத்த ஐசிஸ்ங்கற நூலக மென்பொருளோட விண்டோஸ் வடிவம் வந்திருந்த காலம். கேட்டலாக் முழுக்க அதுல ஏத்தணும்னு உத்தரவு. லீவுல டேட்டா என்ட்ரிக்கு எங்கள்ல நாலு பேரைப் பிடிச்சாங்க. சார் ரெண்டு விரல்ல டைப் பண்ணுவார், ஒரு எழுத்துக்கு ஒரு தடவை கீபோர்டைக் குனிஞ்சு பாத்து, ஒரு தடவை திரையை நிமிர்ந்து பாத்து, அதைப் பாத்துட்டு சும்மா இருக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, எனக்கு கை நமநமன்னு இருக்கும். மூணாவது நாள் தாங்க முடியாம "குடுங்க சார், நான் போட்டுடறேன்"னு மவுஸைப் பிடிச்சு இழுத்துட்டேன்.

அவர் திட்டல. என் கையிலேர்ந்து மெதுவா அதைத் திரும்ப வாங்கிக்கிட்டு, "தம்பி, நீ போட்டா புக்கு உள்ள போயிடும். எனக்கு என்னடா உள்ள போகும்?"னார்.

அன்னிக்கு எனக்கு அது புரியல. பெருசு பிடிவாதம்னு வெளிய வந்து சிரிச்சோம். அவர்கிட்ட இன்னொரு பழக்கம் இருந்துச்சு. கழிச்சுப்போட்ட புத்தகங்களோட கேட்டலாக் கார்டெல்லாம் கட்டுக்கட்டா கிடக்கும், கீழ நடுவுல கம்பி போறதுக்கு ஓட்டை போட்ட அதே கார்டு, அதோட பின்பக்கம் பச்சை மையில எழுதுவார். எப்படிப் பண்ணணும்னு எழுதமாட்டார், என்ன தப்பு நடந்துச்சுன்னுதான் எழுதுவார். "சேவ் பண்ணாமல் மூடிவிட்டேன். பதினொரு புத்தகம் போயிற்று." இப்படி ஒரு கார்டு. அதை அகர வரிசைப்படி ஒரு காலி டிராயர்ல அடுக்கி, ஒழுங்கா கம்பியும் கோத்து வச்சிருந்தார். ஒருநாள் அவர் இல்லாத நேரத்துல திறந்து பாத்தேன். "எல்லாம் பெரிய எழுத்தாக வருகிறது – காண்க: கேப்ஸ் லாக்." "ஜன்னல் காணாமற்போனது – காண்க: ஆல்ட் டாப்." உங்களுக்குப் புரியும், அது ஒரு கேட்டலாக். தெரியாத ஆள் எந்த வார்த்தையில தேடுவானோ அந்த வார்த்தையில தலைப்பு போட்டு, அங்கேர்ந்து சரியான தலைப்புக்கு 'காண்க' போட்டிருக்கார். தேடி வந்த தெரியாத ஆளும் அவரேதான்! அவ்வளவு கம்ப்யூட்டர் தெரிஞ்ச எங்க நாலு பேர்ல ஒருத்தனுக்குக் கூட இப்படி ஒண்ணு பண்ணத் தோணல, நாங்க தப்பு பண்ணினா அடிச்சுட்டுப் போயிட்டே இருப்போம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மிஷின்ல எங்களுக்கே புரியாத தகராறு வந்தப்போ போய் நின்னது அந்த டிராயர்கிட்டதான்.

உங்களுக்கு சர்டிஃபிகேட் கோர்ஸ், வெபினார்னு வரிசையா அனுப்பிட்டு இருப்பாங்க. போங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா வெபினார் பாத்து யாரும் நீச்சல் கத்துக்கிட்டதில்ல. 2006ல அமெரிக்காவுல சார்லட் பொது நூலகத்துல ஹெலீன் ப்ளோவர்ஸ்னு ஒரு அம்மா இதே பிரச்சனையை எடுத்துக்கிட்டாங்க. நூலக ஊழியர்களுக்கு அப்போ புதுசா வந்திருந்த வெப் சமாச்சாரமெல்லாம் தெரியணும். வகுப்பு வைக்கல. 23 சின்னச் சின்ன வேலை குடுத்தாங்க, ஒரு பிளாக் தொடங்கு, ஒரு படம் ஏத்து, ஃபீடு ரீடர்ல ஒரு கணக்கு திற, விக்கில ஒரு வரி சேருன்னு. அவங்கவங்க வேகத்துல பண்ணிக்கலாம், பண்ணினதை அவங்கவங்க பிளாக்ல எழுதிடணும், முடிச்சவங்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர். அவ்வளவுதான் திட்டம். அப்புறம் உலகம் பூரா நூலகங்கள் அதை அப்படியே எடுத்து நடத்துச்சு. அதுல முக்கியமானது எம்பி3 பிளேயர் இல்ல. விளையாடுங்கன்னு ஒரு ஆபீஸ் தன் ஊழியருக்கு அனுமதி குடுத்துச்சு பாருங்க, அது.

விளையாட்டுன்னதும் உங்களுக்கு முகம் சுருங்கும், தெரியும். உங்க ஆளு, நூலகவியல் மேதை ரங்கநாதனே என்ன பண்ணினார்? கணக்கு வாத்தியார், 1924ல பல்கலைக்கழக நூலகரா வந்து உக்காந்து, பிடிக்காம, திரும்ப வகுப்பறைக்கே போயிடறேன்னு நின்னவர். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்துல ஒரு பெரிய கடையில குழந்தைங்க விளையாடற மெக்கானோ செட்டைப் பாத்துட்டு நிக்கறார், அதே பட்டையும் திருகாணியும்தான், மாத்தி மாத்திக் கோத்தா வேற வேற பொம்மை. 1933ல வந்த, புத்தகங்களைப் பொருள்வாரியா பிரிக்கற அவரோட கோலன் வகைப்பாட்டுக்கு விதை அங்க விழுந்ததுன்னு அவரே சொன்ன கதைதான், நீங்க பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. 32 வயசு மனுஷன் பொம்மைக் கடையில நின்னதை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு, இப்போ ஒரு பட்டனை அமுக்கினா எது உடைஞ்சுடுமோன்னு பயப்படறீங்க. உடையட்டுமே! டம்மியா ஒரு கணக்கு திறந்து அதுல உடைங்க. நூலகத்தோட பேர்ல திறக்காதீங்க, அது மட்டும் ஜாக்கிரதை.

ரெண்டு வருஷத்துல மூடிடறாங்கன்னு சொன்னது நியாயம். சார்லட்டோட அந்த 23ல சொன்ன தளங்கள் பலது இன்னிக்கு இல்ல. புக்மார்க் சேத்து வைக்கற டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி ஓஞ்சுபோச்சு, ஃபீடு படிக்க எல்லாரும் குடியிருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலையில மூடினாங்க. நானும் ஒரு இடத்துல எட்டு வருஷமா புக்மார்க் சேத்து வச்சிருந்தேன், மூடப்போறோம்னு அவங்க மூணு மெயில் அனுப்பியிருக்காங்க, மூணையும் விளம்பரம்னு நினைச்சு திறக்காம விட்டேன். எட்டு வருஷம் போச்சு. அதனால எந்தக் கருவியைத் தொட்டாலும் முதல் நாள் முதல் வேலையா எக்ஸ்போர்ட்னு ஒண்ணு எங்க இருக்குன்னு தேடிப் பாத்துடுங்க. ஃபீடு பட்டியல்னா ஓபிஎம்எல்ங்கற வடிவக் கோப்பா வெளிய வரணும். ஜோட்டேரோன்னா ஆர்ஐஎஸ் கோப்பு, ஃபார்ம்னா சிஎஸ்வி கோப்பு. வெளிய எடுக்க வழி இல்லாத வீட்டுல சாமான் இறக்காதீங்க.

கடைதான் மூடும், கோப்போட வடிவம் நிக்கும். இதை உங்களுக்கு நான் சொல்லணுமா? புத்தக விவரத்தைக் கம்ப்யூட்டர்ல பதியறதுக்கு 1960கள்ல போட்ட மார்க் (MARC) வடிவம் இன்னும் ஓடிட்டுதானே இருக்கு, இன்னிக்கு கோஹாங்கற நூலக மென்பொருளைத் திறந்து 245ங்கற எண்ணைப் பாத்தா புத்தகத்தோட தலைப்புதானே நிக்குது. அதை உருவாக்கின ஹென்ரியட் ஆவ்ரம் நூலகம் படிச்சவங்களே இல்ல, புரோகிராமர். அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல வந்து சேர்ந்து, ஒரு கார்டுல இருக்கற ஒவ்வொரு துணுக்கும் என்ன, ஏன் இந்தப் புள்ளி, ஏன் இந்தக் கோடுன்னு நூலகர்கள்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் அதைப் பிரிச்சு அடுக்கியிருக்கணும். எத்தனை தடவை கேட்டிருப்பாங்கன்னு நினைக்கறீங்க, மூணு தடவையா?

டேக் பத்தி பொங்கியிருக்கீங்க. விடுங்க. ஒரு வாசகர் நாவலுக்கு 'கடைசியில அழவச்சது'ன்னு டேக் போடறார்னா மார்க்ல பொருள் தலைப்பு நிக்கற உங்க 650க்கு ஒண்ணும் ஆயிடாது. உங்களோடதும் இருக்கும், அதுவும் இருக்கும்.

ஏஐ பத்தி தனியா ஒரு நாள் எழுதறேன், இப்போ பேச ஆரம்பிச்சா நிக்காது. இப்போதைக்கு இது மட்டும்: அது ஒரு கட்டுரையோட பேரு, ஆசிரியர், வருஷம், பக்கம் எல்லாம் கச்சிதமாக் குடுக்கும், தேடிப் போனா சில சமயம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. மாணவன் அந்தப் பட்டியலோட உங்ககிட்ட வந்து நிப்பான். கேட்டலாக்ல, டேட்டாபேஸ்ல தேடிப் பாத்துட்டு இது இல்லப்பான்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அது அந்தப் பையனுக்கு வராது, உங்களுக்கு வரும்.

இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன். இவ்வளவு நாளா அவன்தானே எல்லாம் பண்றான், நூலகத்தோட பாஸ்வேர்டெல்லாம் யார்கிட்ட இருக்கு? அவன் போன்ல இருக்குன்னா இந்தக் கடிதத்தை இங்கயே நிறுத்திட்டு முதல்ல போய் வாங்கி வைங்க. அவன் வேற வேலை கிடைச்சுப் போன மறுநாள் நூலகத்தோட பிளாக்குக்கு வெளிய நீங்க நிப்பீங்க. நல்லவன்தான், ஆனா நல்லவங்களுக்கும் வேற வேலை கிடைக்கும்.

நாளைக்கு அவன்கிட்ட சொல்லிடுங்க, "நீ வாயால சொல்லு, நான் பண்றேன், நீ கையைக் கட்டிக்கோ"ன்னு. முதல் ரெண்டு நாள் நெளிவான். நான் நெளிஞ்ச மாதிரியே.

எதை முதல்ல கத்துக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. ஃபீடு ரீடர். அதுலதான் உடைக்க ஒண்ணுமில்ல, முகவரியை ஒட்டினா வரும், இல்லன்னா வராது. நீங்க தினமும் பாக்கற பத்திரிகை, ஆய்விதழ் நாலைஞ்சு போடுங்க, இந்தத் தளத்தையும் சேத்துக்கோங்க. மத்ததெல்லாம் வந்து இது மட்டும் ஒரு வாரமா வரலைன்னா நீங்க எதையும் தப்பா அமுக்கல, நான்தான் அந்தப் பொண்ணை இன்னும் கூப்பிடலன்னு அர்த்தம். ஒரு வரி எழுதிப் போடுங்க.