அரிக்கமேட்டு ஓடும் இருபது நிமிட வரலாறும்

(வரலாற்றுக் கேள்விகளுக்குப் புதுச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவர்: சார், மனிதன் முதலில் வேட்டையாடினான், பிறகு விவசாயம், அதற்கப்புறம்தான் கோயில், நகரம், அரசன் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இருபது நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. தப்பா?

பதில்: இருபது நிமிடத்தில் புரிந்ததுதான் இடிக்கிறது தம்பி. துருக்கியில் கோபெக்லி தெபே என்றொரு மேடு. கி.மு. 9500 வாக்கில், இன்னும் பயிர் வைக்கப் பழகாதவர்கள் அங்கே ஐந்து மீட்டர் உயரக் கல்தூண்களை நிறுத்தி, நரியும் பாம்பும் செதுக்கியிருக்கிறார்கள். அதாவது, அங்கே கோயில் மாதிரி ஒன்று விவசாயத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அரியாங்குப்பம்: எங்கள் அரிக்கமேடு ரோமானியரால் உண்டான ஊர் என்று படித்தோமே ஐயா?

பதில்: நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். 1945ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது அரெட்டைன் எனும் இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளும் மதுச்சாடிகளும் கிடைத்தன. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று, யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் புறநானூறு பாடுவது இந்த மாதிரிச் சரக்கைத்தான். உடனே, சும்மா கிடந்த மீனவக் குப்பத்தை ரோம வணிகம் துறைமுகமாக்கியது என்ற கதை நிலைத்துவிட்டது. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு மறுபடி தோண்டியது. ரோமச் சரக்கு வருமுன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது. அந்த வணிகம் ஓய்ந்த பிறகும் இருந்திருக்கிறது.

அங்கே கிடைத்ததில் ரௌலட்டட் தட்டு என்று ஒன்று உண்டு. மெல்லிசாக, வழவழப்பாக இருக்கும். உள்பக்கம் நடுவில் இரண்டு மூன்று வளையமாக, ரவை தூவினாற்போல் பொடிக் குழிகள். வீலர் இதையும் கடல் கடந்து வந்ததாகவே நினைத்தார். பின்னால் களிமண்ணைச் சோதித்தபோது இந்தியாவிலேயே வனைந்தது என்று தெரிந்தது.

லாசுப்பேட்டை: அப்போ வீலர் புளுகினாரா?

பதில்: சேச்சே. அரெட்டைன் ஓட்டின் காலம் இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். அதனால் அதோடு ஒரே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் ஒரு தேதி கிடைத்தது. அது பெரிய காரியம். ஆனால் வீலருக்குக் கதை சொல்லும் ஆசை கொஞ்சம் கூடுதல். பின்னாளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நட்சத்திரமே ஆனார்.

கடலூர், மஞ்சக்குப்பம்: ஜனத்தொகை பெருகி அழிவோம் என்று அப்பா காலத்தில் பயமுறுத்தினார்களாம். இப்போது பிள்ளை பிறக்காமல் அழிவோம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே அந்தந்தக் காலத்துப் போக்கை ஸ்கேல் வைத்து நேராக நீட்டிய கோடு. 1960களில் இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டுக்கு 2.0, தமிழ்நாட்டுக்கு 1.8. பெற்ற பிள்ளை பிழைத்தது, பெண்கள் படித்தார்கள், கருத்தடை கைக்கு எட்டியது. கோடு வளைந்துவிட்டது.

அதே மாணவர்: அப்போ வீடியோவே பார்க்கக் கூடாதா சார்?

பதில்: தாராளமாகப் பார். 'திடீரென்று', 'எல்லா மனிதர்களும்' என்று வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, எந்த ஊரில், எதை வைத்து என்று கேள். ஒருநாள் மழை விட்டதும் அரிக்கமேட்டுக்குப் போய்வா. மண் கரைந்து ஓடுகள் தலைகாட்டும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடு, பையில் போட்டுக்கொண்டு வராதே.