13.5 லட்சமா, 25 லட்சமா: மகளை எந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 53, திண்டுக்கல்லில் அரசுப் பள்ளி ஆசிரியர். மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கவில்லை. சுயநிதிக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்கு 13.5 லட்சம். சென்னையில் பெயர்பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் 25 லட்சம். கையில் 22 லட்சம் சேமிப்பும் ஒரு சொந்த வீடும் இருக்கின்றன. வீட்டை விற்றாவது நல்ல கல்லூரியில் சேர்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டை விற்காதீர்கள். 13.5 லட்சக் கல்லூரியே போதும்.

நாலரை ஆண்டுக்கு முதல் கல்லூரியில் 60.75 லட்சம், இரண்டாவதில் 1.125 கோடி ஆகும். விடுதி, சாப்பாடு தனி. முதல் கல்லூரிக்கு, சேமிப்பைப் போட்டு மீதி சுமார் 40 லட்சத்தைக் கல்விக் கடனாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். வீட்டுப் பத்திரம் அதற்குத்தான் வேண்டும்.

வட்டி 10 சதவீதம் என்றால், படிப்பும் பயிற்சியும் முடிந்து தவணை தொடங்கும்போது அந்த 40 லட்சம் சுமார் 58 லட்சமாகியிருக்கும். 15 ஆண்டில் அடைக்க மாதம் 62,000 ரூபாய். அப்போது உங்களுக்கு 60 நெருங்கியிருக்கும். முதல் தவணையும் ஓய்வும் ஒன்றாக வந்து நிற்கும். அதே கணக்கில் 25 லட்சக் கல்லூரிக்கு 90 லட்சம் கடன், மாதம் 1.4 லட்சம் தவணை. எம்பிபிஎஸ் முடித்த கையோடு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகச் சேருபவருக்குச் சம்பளம் ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் எம்டி, எம்எஸ் மேற்படிப்பு என்று இன்னும் மூன்று வருடம். அதற்கு இடம் தருவது நீட் பிஜி நுழைவுத் தேர்வின் தரவரிசைதான். எம்பிபிஎஸ் படித்த கல்லூரியின் பெயரை அங்கே யாரும் கேட்பதில்லை.

கல்லூரியின் தரத்தைப் பார்க்க வேண்டாமா என்றால், கட்டாயம் பாருங்கள். ஆனால் விளம்பரப் பலகையில் வேண்டாம். ஒரு திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சொல்லாமல் போய் புறநோயாளிகள் பிரிவில் நில்லுங்கள். சீட்டு வாங்க வரிசை நிற்கிறதா, வார்டு கட்டில்களில் ஆள் இருக்கிறதா, பிரசவ வார்டில் சத்தம் கேட்கிறதா? நோயாளி இல்லாத மருத்துவமனையில் ஏசி வகுப்பறை இருந்து என்ன பயன்? அப்படி வெறிச்சோடிக் கிடந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போதும் 25 லட்சத்துக்குத் தாவாமல், அதே கட்டணத்தில் வேறு சுயநிதிக் கல்லூரியைத் தேடுங்கள்.

முடிந்தால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள்; 40 லட்சம் 40 லட்சமாகவே நிற்கும். இதற்கு வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. பழைய வருமான வரி முறையில் இருந்தால் அந்த வட்டிக்குக் கழிவும் கிடைக்கும். கடன் உங்கள் பெயரிலும் இருக்க வேண்டும்.

சேரும் முன் கட்டணம் நாலரை ஆண்டுக்கா, ஐந்து ஆண்டுக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த அரை ஆண்டு உங்களுக்கு 6.75 லட்சம்.