அத்தி மரம் பூக்காமலே காய்க்கிறதா?

இல்லை, பூக்கத்தான் செய்கிறது. நம் கண்ணில் படாத இடத்தில். அத்திக்காய் என்று நாம் சொல்வதே ஒரு மூடிய பூங்கொத்து. பாட்டியின் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள், வாயை இறுக்கிக் கட்டியாயிற்று. அந்த வாய் வழியே ஒரு குட்டிக் குளவி மகரந்தத்தோடு நெருக்கியடித்து நுழையும். நுழையும்போதே பெரும்பாலும் அதன் இறக்கை பிய்ந்துவிடும். சில பூக்களில் முட்டையிட்டுவிட்டு உள்ளேயே செத்துப்போகும். அதன் பெண் குஞ்சுகள் வளர்ந்து, புது மகரந்தத்தோடு வேறு காயைத் தேடிப் பறக்கும். 'அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் பூச்சி' என்ற பேச்சு சும்மா வரவில்லை.

ஈரம் பிடித்த மரம் இது. சேலம் பக்கம் சேர்வராயன் மலையடிவார ஓடைக்கரைகளில் தேடலாம். ஆலமரம்போல விழுது தொங்காது. பலாவைப்போல அடிமரத்திலேயே காய் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தானே! பழுத்தால் செம்மஞ்சளாகும், குரங்குக்கும் வௌவாலுக்கும் விருந்து.

அப்புறம், கடையில் கயிற்றில் கோத்து விற்கிற உலர் அத்தி இந்த மரத்துப் பழம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சீமை அத்தி, வேறு இனம்.