கார்பன் சீட் போஸ்ட் இறங்கினால் போல்ட்டை மேலும் முறுக்காதீர்கள்

சைக்கிளின் கார்பன் சீட் போஸ்ட்டில் (இருக்கையைத் தாங்கும் குழாய்) கிரீஸ் தடவி, போல்ட்டை 5 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்கியும் போஸ்ட் இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக 7-க்குப் போகாதீர்கள். அங்கே தேவை கார்பன் பேஸ்ட்.

நீங்கள் தடவியதாகச் சொல்லும் கிரீஸ்தான் பெரும்பாலும் காரணம். அலுமினிய போஸ்ட்டுக்கு அது சரி, கார்பனில் வழுக்கும். பேஸ்ட்டில் உள்ள நுண்மணிகள் (விரலில் தேய்த்தால் நறநறக்கும்) பிடிப்பைக் கூட்டுவதால் குறைந்த முறுக்கிலேயே நிற்கும்.

1. போஸ்ட்டையும் ஃபிரேம் குழாயின் உட்புறத்தையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால், துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள்.
2. கிளாம்ப் (போஸ்ட்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) இறுக்கும் பகுதியில் பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசுங்கள். கிரீஸ் போல்ட் மரைக்கு மட்டும், துளியளவு.
3. டார்க் ரெஞ்சை (முறுக்கு அளவை அமைத்து இறுக்கும் ஸ்பேனர்) 4 நியூட்டன் மீட்டரில் தொடங்கி அரை அரையாக ஏற்றுங்கள். கிளாம்ப்பிலும் போஸ்ட்டிலும் அச்சிட்டிருப்பதில் எது குறைவோ அதுதான் உச்சம்.

போஸ்ட்டில் டேப்பால் அடையாளம் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மறுபடி இறங்கினால் வெர்னியரில் விட்டத்தை அளந்துவிடுங்கள். 27.2 மி.மீ. ஃபிரேமில் 27.0 போஸ்ட் இருந்தால் எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது.

ஏற்கெனவே அதிகம் முறுக்கியிருந்தால் கிளாம்ப் பதிந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் தட்டும் விரிசலோ அமுங்கலோ தெரிந்தால் புது போஸ்ட்தான், ஒட்டுவேலை வேண்டாம்.