கிழிப்பதற்கும் ஒரு திசை உண்டு

வாசகர் கேள்வி பதில்: காகிதக் கலை

கே: கையால் செய்த காகிதத் துண்டுகளை வைத்து ஒரு கொலாஜ் செய்தேன். ஒட்டும்போது எல்லாம் அழகாகப் படிந்திருந்தது. மறுநாள் பார்த்தால் அடித்தாள் படகு மாதிரி வளைந்து கிடக்கிறது. நடுவில் அங்கங்கே குமிழி வேறு. மூன்று விதமான பசை மாற்றியும் இதே கதைதான். எங்கே தப்பு செய்கிறேன்?

ப: பசை மேல் பழி போடாதீர்கள். அதில் இருக்கும் தண்ணீரைக் கவனியுங்கள்.

காகிதம் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பசை தடவிய துண்டு விரிந்த நிலையில் அடித்தாளில் உட்காருகிறது. காயும்போது அது சுருங்கி, தன்னோடு அடித்தாளையும் சேர்த்து இழுக்கிறது. படகு வளைவு வருவது இதனால்தான். குமிழி வருவதற்குக் காரணம் வேறு. பசை தடவிய உடனே அவசரமாக ஒட்டிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். துண்டு அப்போது பாதிதான் விரிந்திருக்கும். மீதி விரிவு ஒட்டிய பிறகு நடக்கிறது. போக இடமில்லாமல் மேலே எழும்புகிறது.

அதனால் பசை தடவியதும் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். தடவிய கணத்தில் காகிதம் முறுக்கிக்கொள்ளும், ஓரங்கள் சுருளும். கொஞ்ச நேரத்தில் அந்த முறுக்கு தளர்ந்து, ஈரத்துணி மாதிரி துவண்டு படுக்கும். ஒட்ட வேண்டிய நேரம் அதுதான். தடிமனான காகிதம் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வளைவுக்கு மருந்து, அடித்தாளின் பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டுவது. முன்பக்கம் இழுக்கிற அளவுக்குப் பின்பக்கமும் இழுத்தால் நடுவில் இருப்பது நேராக நிற்கும். பின்னால் ஒட்டும் தாளும் பசையும் முன்னால் இருப்பதைப் போன்றவையாக இருக்கட்டும். அடித்தாளையும் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆலையில் செய்த காகிதத்துக்கு ஒரு திசை உண்டு. இயந்திரம் ஓடும் பக்கமாகவே பெரும்பாலான இழைகள் படுத்துவிடும். நனைந்த இழை நீளத்தில் அதிகம் வளராது, பருமனில்தான் வீங்கும். ஆகவே அந்தக் காகிதம் இழைக்குக் குறுக்காகத்தான் விரியும். திசையைக் கண்டுபிடிக்க, ஒரு சின்ன சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். அது குழல் மாதிரி சுருளும். குழல் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, இழையும் அந்தப் பக்கம்தான். முன்தாள், அடித்தாள், பின்தாள் மூன்றுக்கும் இழை ஒரே திசையில் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. கையால் செய்த காகிதத்தில் இந்தப் பிடிவாதம் குறைவு. கூழிலிருந்து சல்லடையைத் தூக்கும்போது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைப்பதால் இழைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல திசையில் விழுகின்றன.

பசை எது என்று கேட்டால், மெல்லிய காகிதத்துக்கு நான் கோதுமை ஸ்டார்ச் பசைதான் காய்ச்சுகிறேன். 1 பங்கு ஸ்டார்ச், 5 பங்கு தண்ணீர். இளஞ்சூட்டில் விடாமல் கிளறி, பால் நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியும்போது இறக்கி, ஆறவைத்து வடிகட்டிக்கொள்வேன். பின்னால் மனம் மாறினால் ஈரம் காட்டி உரித்துவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. கனமான துண்டுகளுக்கு பிவிஏ என்ற வெள்ளைப் பசை. காய்ந்துவிட்டால் அதைப் பிரிப்பது பெரும்பாடு. ஆனால் அதில் தண்ணீர் குறைவு என்பதால் காகிதம் அவ்வளவாக விரியாது.

ஒட்டி முடித்ததும் அப்படியே காற்றில் விடாதீர்கள். மேலும் கீழும் கேக் சுடும்போது அடியில் போடும் ஒட்டாத பேப்பர், அதற்கு மேல் மை ஒற்றும் தாள், அதற்கு மேல் பலகை, கனமான புத்தகங்கள். 15 நிமிடத்தில் ஒற்றுத் தாளை மாற்றுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மாற்றுங்கள், அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

கே: பழைய நோட்டுத் தாள்களைக் கூழாக்கிக் காகிதம் செய்கிறேன். காய்ந்ததும் தொட்டாலே பிய்ந்துவிடுகிறது. பசை கலக்க வேண்டுமா?

ப: வேண்டாம். காகிதத்தைப் பிடித்து வைத்திருப்பது பசை இல்லை. ஈர இழைகள் நெருங்கிப் படுத்து, நடுவிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது அவை தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இழையும் அழுத்தமும் சரியாக இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில், கூழ் வெண்ணெய் மாதிரி ஆகும் வரை மிக்ஸியில் அரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இடறியது அங்கேதான். மிக்ஸி இழையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, நறுக்கவும் செய்கிறது. நோட்டுத் தாளில் இருப்பது ஏற்கெனவே ஒருமுறை ஆலையில் அடிபட்ட மர இழை. இன்னும் நறுக்கினால் பிடித்துக்கொள்ள நீளமே மிச்சமிருக்காது.

தாளை விரல் நுனி அளவுக்குக் கிழித்து ஓர் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். மிக்ஸியில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு சின்னக் கைப்பிடி காகிதம், அவ்வளவுதான். விட்டுவிட்டு, சில நொடிகளாக ஓட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் ஒரு கரண்டி கூழைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மேகம் மாதிரி சீராக மிதந்தால் போதும். காகிதத் துணுக்கு தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று. துணுக்குகள் கொஞ்சம் தெரிவது எனக்குப் பிடிக்கும் என்பதால் நான் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். போன ஆண்டு செய்த ஒரு தாளில் யாருடையதோ 'அ' ஒன்று முழுசாகத் தப்பித்து ஓரத்தில் நிற்கிறது. அதை வெட்ட மனம் வராமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

வாழைநார், சணல் மாதிரி நீள இழை கொஞ்சம் சேர்த்தால் தாள் உறுதியாகும். அவற்றைத் துண்டாக்கி, சலவைச் சோடா போட்ட தண்ணீரில் மெத்தென்று ஆகும் வரை வேகவைத்து, நன்றாக அலசி, தட்டிப் பிரித்த பிறகே கூழில் சேர்க்க வேண்டும். வேகவைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

அடுத்தது அழுத்தம். சல்லடையிலிருந்து துணிக்கு மாற்றிய தாளை வெயிலில் வைக்கத்தான் எல்லோருக்கும் அவசரம். முதலில் துணியோடு அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே ஏறி நில்லுங்கள். தண்ணீர் வடிய வடிய இழைகள் நெருங்கும். மிச்சக் கூழைத் தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் பிழிந்து உருண்டையாகக் காயவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

கே: கத்தரிக்கோல் நல்லதா, கையால் கிழிப்பது நல்லதா?

ப: எனக்குக் கிழிப்பதுதான். வெட்டிய ஓரம் அங்கேயே முடிந்துவிடும். கிழித்த ஓரம் பக்கத்துத் தாளோடு கலந்துபோகும்.

அச்சடித்த தாளைக் கிழித்தால் இரண்டு துண்டில் ஒன்றில் வெள்ளை விளிம்பு தெரியும். உங்கள் பக்கம் இழுக்கும் கையை மாற்றினால் அந்த விளிம்பு மற்ற துண்டுக்குப் போகும். நான்கைந்து தாளில் பழகினால் எந்தத் துண்டுக்கு வெள்ளை வேண்டும் என்பதை விரலே முடிவு செய்யும். மலைக்குப் பின்னால் மலை கிழிக்கிறவர்களுக்கு இந்த வெள்ளைக்கோடுதான் மூடுபனி.

நீள இழைக் காகிதத்தை உலர்ந்தபடி கிழிக்க முடியாது, அது இழுத்துக்கொண்டு போகும். மெல்லிய தூரிகையில் தண்ணீர் தொட்டு, வேண்டிய வளைவை வரையுங்கள். ஊறட்டும். பிறகு இரண்டு பக்கமும் மெதுவாக விலக்குங்கள். ஓரத்தில் பூனை மீசை மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டு வரும். ஜப்பானியர்களின் கிழிகாகிதக் கலையான சிகிரி-எ இந்த மீசையை நம்பித்தான் இருக்கிறது. அவர்களுடைய காகிதத்துக்குப் பயன்படும் கோசோ மரப்பட்டையின் இழை சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். சாதாரண மரக்கூழ் இழை அதில் பாதிகூட வராது. உங்கள் நோட்டுத் தாளில் மீசை வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

கே: செய்தித்தாள் துண்டு வைத்து ஒட்டியதெல்லாம் ஒரே வருடத்தில் பழுப்பாகிவிட்டது. தடுக்க முடியாதா?

ப: முழுதாகத் தடுக்க முடியாது. செய்தித்தாள் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழ். மரத்தில் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுக்கும், அமிலமும் சுரந்து பக்கத்தில் இருப்பதையும் கறையாக்கும். 1912ல் ஓவியர்கள் பிராக்கும் பிக்காசோவும் கொலாஜைத் தொடங்கியபோது ஒட்டிய செய்தித்தாள்களும் இன்று பழுப்புதான்.

நீடிக்க வேண்டிய படைப்பு என்றால், செய்தித்தாளை அமிலமில்லாத தாளில் நகல் எடுத்து அந்த நகலை ஒட்டுங்கள். பழுப்பும் படத்துக்கு அழகு என்று நினைத்தால் அசலையே ஒட்டுங்கள், ஆனால் தெரிந்து ஒட்டுங்கள்.

சாயக் காகிதத்துக்கும் இதே எச்சரிக்கை. ஒரு தோழியின் மகள் பிறந்ததற்குக் கருஞ்சிவப்பு டிஷ்யூ தாளில் ஒரு பூங்கொத்து செய்து கொடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள் பூ எல்லாம் வெளிறிவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் கண் அந்தச் சுவருக்குத்தான் போகிறது. அதற்குப் பிறகு புதிதாக எந்த நிறத் தாள் வந்தாலும், பாதியைப் புத்தகத்துக்குள் மறைத்து மீதி வெயிலில் தெரியும்படி ஒரு மாதம் ஜன்னலில் வைத்துவிடுகிறேன். வெளியே எடுத்ததும் இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருந்தால்தான் அது என் அலமாரிக்குள் போகும்.

கே: பயணச்சீட்டு, பில், பொட்டலத் தாள் என்று பெட்டி நிறைய சேர்த்திருக்கிறேன். வீட்டில் குப்பை என்கிறார்கள்.

ப: கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர் முதல் உலகப்போர் முடிந்த கையோடு டிராம் சீட்டுகளையும் கிழிந்த விளம்பரங்களையும் பொறுக்கித்தான் படம் செய்தார். சேருங்கள். வழுவழுப்பான தாளில் வரும் பில்லை மட்டும் விட்டுவிடுங்கள். வெப்பத்தால் அச்சாகும் அந்த எழுத்து மங்கி மறைந்துவிடும். அதன் பூச்சில் பிஸ்பினால் மாதிரி ரசாயனங்களும் இருக்கலாம் என்பதால் கூழிலும் போடக்கூடாது.

கே: எனக்கு 68 வயது. கை லேசாக நடுங்கும். படம் வரையத் தெரியாது. இனிமேல் இதைத் தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?

ப: அம்மா, இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 72. ஆண்டு 1772. மேசையில் விழுந்திருந்த ஜெரேனியம் இதழின் நிறமும் பக்கத்தில் கிடந்த காகிதத்தின் நிறமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து, அந்தக் காகிதத்தைப் பூவாக வெட்டினார். அடுத்த பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 1,000 செடிகள். கறுப்புப் பின்னணியில், ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள்கூட வைத்திருக்கிறார். பார்வை மங்கியபோதுதான் நிறுத்தினார். அவை இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அவர் கத்தரித்தார். உங்களுக்கு நான் கிழிக்கச் சொல்வேன். நடுங்கும் கை கிழிக்கும் ஓரத்தில் ஒரு சின்ன அலை வரும். இலைக்கு அந்த அலை வேண்டும். கத்தரிக்கோலால் அதைக் கொண்டுவர நான் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன், வரவில்லை.

ஒரே ஒரு இலையைப் பறித்து முன்னால் வையுங்கள். கையில் இருக்கும் காகிதங்களில் பச்சையாகத் தெரிவதையெல்லாம் எடுத்து இலைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். இலையின் மேல்பக்கம் ஒரு பச்சை, அடிப்பக்கம் வேறு பச்சை, நரம்பு கிட்டத்தட்ட மஞ்சள். மூன்று தாள் கிடைத்ததும் கிழிக்கத் தொடங்குங்கள். பசையை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். செய்து முடித்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.